பன்னிரண்டாவது துவாய்

பெரிய வியாழனுக்குப்
பன்னிரண்டு கதிரை போட்டேன்.
பன்னிரண்டு துவாய், நீலம் போட்டு அலசி,
மூலையில் சிவப்பு நூலில் சிலுவை தைத்து
மக்தலீன் மடித்துத் தந்தது.

கடைசிக் கதிரைக்குத்தான்
ஒவ்வொரு வருஷமும் ஆள் பிடிக்க வேண்டும்.
அதில் இருந்தவனைப்
பாஸ்கா முடியும்வரை
யூதாஸ் என்று கூப்பிடுவார்கள் பாலையூற்றுப் பெடியன்கள்.
இந்தமுறை மெக்கானிக் வின்ஸ்லோ ஓம் என்றான்.
வரவில்லை.

பதினொரு சோடிக் கால்.
வீட்டிலேயே சவர்க்காரம் போட்டு உரஞ்சி,
நகம் வெட்டி,
ஒருவர் பவுடரும் பூசியிருந்தார்.
கழுவின காலைத்தான்
குனிந்து குனிந்து கழுவினார் பாதர்.
நான் வார்த்த தண்ணீர்
வார்த்தபடியே தெளிவாய்த்
தாம்பாளத்தில் கிடந்தது.

அதை வேம்புக்கு ஊற்றப் பின்பக்கம் போனால்
பைப்படியில் ஒருத்தன்.

சீனக்குடாவில் எட்டு மாசமாய்
துருப்பிடித்து நிற்கிற கப்பலின் சமையற்காரன்,
முதலாளி போன் எடுப்பதில்லை,
டீசல் முடிந்து இரவில் கப்பலே இருட்டு
என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.
அப்போது தெரிந்தது கால்தான்.
தார், கிரீஸ், வெடித்த குதி,
ரோட்டுப் புழுதி முழங்கால் மட்டும்.

இருபத்தாறு வருஷம் சங்கிலித்தாம் நான்.
செம்பு பிடித்திருக்கிறேன், துவாய் நீட்டியிருக்கிறேன்.
குனிந்ததில்லை.
அன்றைக்கு என்னவோ குனிந்தேன்.

பாம்பைக் கண்டவன்போலக்
காலை இழுத்துக்கொண்டான்.

எங்கேயோ பாங்கு கேட்டது.
பைப்பில் வாய்வைத்து இரண்டு மிடறு குடித்தான்.
என் செம்பை வாங்கி
கை, வாய், முகம்,
கடைசியில் கால்:
வலது மூன்று தரம், இடது மூன்று தரம்,
இடுக்கெல்லாம் சின்னிவிரல் விட்டு.
பாதரைவிடத் திறம்.

பிறகு விரலை வானத்தில் சுழற்றி
என்னவோ கேட்டான்.
விளங்க நேரமெடுத்தது.
மேற்கு. மாதா கெபிப் பக்கம். காட்டினேன்.
கொஞ்சம் வடக்கே திரும்பிக்கொண்டான்,
நான் காட்டினது சரியில்லைப்போல.

நிலமெல்லாம் வேப்பம்பூவும் கோழி எச்சமும்.
தோளில் கிடந்த துவாயை விரித்தேன்.
சிலுவை தைத்த மூலையை மட்டும்
அவன் மெல்ல உள்ளே மடித்தான்.
எனக்குச் சுருக்கென்றது.
கொஞ்ச நேரம்தான்.

உள்ளே நடுப்பூசை.
மரக்கட்டை தட்ட நான் இல்லை.
யாரோ தட்டினார்கள், தாளம் பிசகி.

பாடகர் குழுவுக்கு வைத்த பணிசில்
நாலு எடுத்துக்கொடுத்தேன், பிளேன்டீயும்.
ஒன்றைத் தின்றான்.
மூன்றைத் துவாயில் முடிந்தான்,
கப்பலைக் கைகாட்டி.
பெயர் ஷொஹிதுல்.
மூன்று தரமும் பிழையாய்த்தான் சொன்னேன்,
மூன்று தரமும் தலையாட்டினான்.

திங்கட்கிழமை அலுமாரிக் கணக்கு.
பதினொன்றுதானே கிடக்கு, என்றார் செயலாளர்.
வின்ஸ்லோ கொண்டுபோயிருப்பான் என்று
வாய் தானாய்ச் சொன்னது.
பாவசங்கீர்த்தனத்துக்கு இன்னும் போகவில்லை.

பாஸ்கா முடிந்தும்
சந்தியில் பெடியன்கள் அவனைத்தான்
யூதாஸ் என்கிறார்கள்,
அந்தக் கதிரையில் அவன்
இருக்கவேயில்லை.