ஈய வில்லை

சனிக்கிழமை இருட்டியதும்
பூங்கா ஊஞ்சல்களைச் சங்கிலி போட்டுப் பூட்டுவேன்.
எங்கள் தீவில் ஞாயிறன்று ஊஞ்சலும் ஓயும்.
சாவி என்னிடம். முர்டோ,
சபையின் மூத்த மூப்பன்.

வருஷத்துக்கு இரண்டு தரம்தான் கர்த்தருடைய பந்தி.
முந்தின நாள், தகுதியானவர்களுக்கு
ஆளுக்கொரு ஈய வில்லை கொடுப்போம்.
கட்டைவிரல் நகம் அளவு,
கொள்ளுப்பாட்டன் காலத்து அச்சு.
அது கையில் இல்லாதவர்கள்
கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
அப்பம் கைமாறுவதைப் பார்க்கலாம்.

பந்திக்கு வேலி கட்டுவது என்போம் இதை.
எனக்கு வேலி கட்டத் தெரியும்:
ஆட்டுக்கு, அயலானுக்கு, அப்பத்துக்கு.

இன்று காலை மோராக் வந்து கை நீட்டினாள்.
"போன ஞாயிறு உன் கொடியில் விரிப்பு காய்ந்தது" என்றேன்.
"பையனுக்கு ராத்திரி முழுக்க வாந்தி" என்றாள்.
"காற்று வாரத்தில் ஆறு நாளும் வீசுகிறதே."
நல்ல பதில்.
வீடு திரும்பும் வழியில்
இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நாலு குளிர்காலமாகத் திருடுகிறேன்.

எஃபியின் வீட்டுக் கொல்லையில்
சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிக்கட்டிகள்
சுவர்போல் அடுக்கியிருக்கும்.
புருஷன் கடலோடு போனபின்
தானே வெட்டி, தானே சுமந்து, தானே அடுக்கியது.
என் கரி ஈரம். என் முதுகு முன்போல் இல்லை.
கேட்டால் கொடுத்திருப்பாள்.
கேட்கிற வாய் எனக்கு இல்லை,
ஜெபிக்கிற வாய்தான் உண்டு.

ஒரு நடைக்கு ஆறு கட்டி.
ஏழாவதைத் தொட்டதில்லை.
ஞாயிறன்று எடுத்ததே இல்லை;
ஓய்வுநாளில் திருடுவது பாவம்.

ஜனவரியில் ஒரு ராத்திரி, மழை.
குவியலைத் தார்ப்பாயால் மூடியிருந்தாள்.
நான் நுழைகிற சுவர் உடைப்புக்குப் பக்கத்தில்
கவிழ்த்த மீன்பெட்டிக்கு அடியில்
காய்ந்த கட்டிகள் தனியாக.
எண்ணினேன்.
ஆறு.

விளக்கு எரியவில்லை. நாய் குரைக்கவில்லை.
நாய் எப்போது என்னைப் பார்த்துக்
குரைப்பதை நிறுத்தியது என்று யோசித்தேன்.
பிறகு எடுத்துக்கொண்டு வந்தேன்.
குளிர் அப்படி.
மறுநாளும் ஆறு. அதற்கு மறுநாளும்.

மோராக்குக்கு அடுத்து எஃபி நின்றாள்.
அவள் கையில் வில்லையை வைத்தபோது
உள்ளங்கை ரேகையெல்லாம் கரி.
என் கையை மடக்கிக்கொண்டேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை;
மோராக் வெளியேறிய கதவைப் பார்த்தாள்.

மூப்பனிடம் யாரும் வில்லை கேட்பதில்லை.
என்னுடையதை எடுத்துக்கொண்டு
சாயங்காலம் மோராக் வீட்டுப் படலை வரை போனேன்.
உள்ளே பையன் எதற்கோ சிரித்தான்.
என்ன சொல்லிக் கொடுப்பது?
படலை நன்றாகத்தான் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க வந்தவன்போல்
ஒரு தரம் ஆட்டிவிட்டுத் திரும்பினேன்.

ஊஞ்சல்களைப் பூட்டியாயிற்று.
சட்டைப்பையில் வில்லையும் சாவியும்
அடிக்கு அடி உரசுகின்றன.
நாளை பந்தியில் முதல் ஜெபம் என்னுடையது,
நொறுங்குண்ட இருதயத்தைப் பற்றி;
தயாராக இருக்கிறது.

மணி பத்தரை.
பன்னிரண்டுக்குள் எஃபியின் கொல்லைக்குப் போய்வர வேண்டும்.
அப்புறம் ஞாயிறு.