வெள்ளைச் சில்லில் எழுதியது

வீரவநல்லூரில் எங்களுக்குப் பிளைவுட் கடை.
மவுசு போன சன்மைக்கா மாதிரிகளைக்
கம்பெனி திருப்பி வாங்குவதில்லை.
கொத்துச்சாவிபோல் சங்கிலியில் கோத்த சில்லுகள்,
பாதிச் சீட்டு அகலம், தலையில் ஓர் ஓட்டை.
முகம் பளபளக்கும்.
முதுகு, முறுக்குப் பொட்டலம் கட்டிய தாளின் பழுப்பு.

ஆடி பிறந்து ஏழெட்டு நாளில்
பெயின்ட் வாளிகளில் நாற்று தலைநீட்டியது.
பூசணியின் முதல் ஈரிலைக்கும்
சுரையின் முதல் ஈரிலைக்கும்
வித்தியாசம் சொல்ல என் கண்ணுக்குப் படிப்பில்லை.
ஒடிந்த குடைகளின் கம்பியை நறுக்கினேன்,
நுனியைக் கொக்கியாக வளைத்துச்
சில்லைத் தொங்கவிட்டேன்.
வெண்டைக்கு இலைப்பச்சை.
மிளகாய்க்குச் சிவப்பு.
கத்தரிக்கு ஊதா கிடைக்கவில்லை,
தேக்கு நிறத்தின் மேல்
நகப்பாலிஷால் ஊதாப் புள்ளிகள் வைத்தேன்,
அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

தீக்குச்சியை எனாமலில் முக்கி
எழுதிக்கொண்டிருக்கையில்
பிரமநாயகம் வந்து குனிந்தார்.
"கொத்தவரையா? அது யாரு?"
"இதுதான்."
"இது சீனியவரைல்லா."

மன்னார்குடியிலிருந்து நான் கொண்டுவந்தவை
இரண்டு அண்டா, ஒரு தையல் மெஷின்,
காய்களின் பெயர்கள்.
அண்டாக்களைப் பரணில் ஏற்றியாயிற்று.

பேசி முடிவானது:
முகத்தில் இந்த ஊர்ப் பெயர்,
முதுகில் என் ஊர்ப் பெயர்.
பேசியது அவர். முடிவானது தானாக.
மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று
ஒப்பந்தம் படித்ததில்லை,
சில்லைத் திருப்பித் திருப்பிப் போட்டது.
கொத்தவரை. சீனியவரை.
கொத்தவரை. கொத்தவரை.

வெள்ளைச் சில்லில் மட்டும்
பேச்சுக்கு முன்பே எழுதிவிட்டிருந்தேன்,
முகத்திலேயே, பட்டையாக: பூசணி.
அந்த வாளியிலிருந்து ஒரு நாற்றைச்
சில்லோடு வாங்கிப்போனாள் பின்தெரு செல்வகனி.

புரட்டாசிக் கடைசியில்
சும்மாடு கட்டிச் சுமந்துவந்து
கடை வாசலில் இறக்கினாள்.
உடம்பெல்லாம் சாம்பல்,
பிடித்த இடங்களில் அவள் பத்து விரலும் பதிந்திருந்தன.
"பூசணின்னு எழுதித் தந்தீய.
மஞ்சளா நறுக்கிக் கூட்டு வைக்கலாம்னு
பந்தலெல்லாம் போட்டுட்டேன்.
தடியங்காய்லா காய்ச்சிருக்கு."
"எங்க ஊர்ல இதுதான் பூசணி."
"அப்போ எங்க பூசணிக்கு என்ன பேரு?"
"பரங்கி."
"அது வெள்ளைக்காரன்லா?"
சும்மாட்டை உதறிக்கொண்டு
தெருமுனை திரும்பும்வரை சிரித்துப் போனாள்.

மறுநாள் ஆயுத பூஜை.
உள்ளே குங்குமமும் சில்லறையும் அடைத்து
அவர் ஓங்கிப் போட்டார்.
எந்தப் பெயரில் சிதறியது என்று
யாரும் கேட்கவில்லை.
பையன்கள் காசைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அன்றிரவு இன்னொரு கொத்துச் சில்லோடு
அவர் தரையில் உட்கார்ந்தார்.
முதுகுக்கு முதுகு ஃபெவிகால் தடவி
ஒட்டி, வரிசையாக அடுக்கி
மேலே அம்மிக்குழவியைக் கிடத்தினார்.
"பழுப்புப் பக்கம் மழைக்கு ஊறிரும்" என்றார்.
மழை காரணம்தான். ஐப்பசி வரப்போகிறது.
நானும் வேறு எதையும் கேட்கவில்லை.
காலையில் எடுத்தபோது
எல்லாச் சில்லுக்கும் இரண்டு முகம்.

மிளகாய்க்கு இரண்டு பக்கமும் மிளகாய்.
அதையும் எழுதினேன், இரண்டு தடவை.

கடைசி வாளியில் சிறுகிழங்கு.
அவர் பக்கம் அவரே எழுதிவிட்டார், கோணலாக.
என் பக்கத்துக்கு என்னிடம் பெயரில்லை,
எங்கள் வீட்டில் யாரும் அதைத் தின்றதில்லை.
"ஏதாவது எழுது, பார்க்க மொட்டையா இருக்கு."
ஓரத்தில் ஒரு கொடி வரைந்திருக்கிறேன்,
நடுவில் இடம் விட்டு.
தை வரட்டும்.
பிடுங்கிச் சாக்கில் போட்டுத் தேய்த்துத்
தோல் போக்கி, பொரியல் வைத்துத்
தின்றுபார்த்துச் சொல்கிறேன்.