குடும்பிமலைக்கு வழி

கிரான் பாலத்தைத் தண்ணீர் மூட
இன்னும் ஒரு மழை பாக்கி.
அதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்றான்
பால் ஏற்றும் சதானந்தன்.
அவனது லான்ட்மாஸ்டர் பெட்டியில்
கான்களுக்கு நடுவே நானும்
பேர்கனிலிருந்து வந்த மச்சாள் தர்மினியும்.

அவளுடைய மலைச் சப்பாத்து
என் இரண்டு மாதச் சம்பளம்.
அவளே கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வழியெல்லாம் நோர்வேதான் பேச்சு.
மலைக்கும் மலைக்கும் இடையில்
கடல் நுழைந்து படுத்துக்கிடக்குமாம்.
அதன் தலைமாட்டில், விளிம்போடு ஒரு பாதை.
வலக்கைப் பக்கம் அருவி,
திரும்பினால் இன்னொன்று.
"சத்தத்திலயே காது நனைஞ்சிரும்" என்றாள்.
"எங்கட கடல் மலை தேடிப் போகல்ல கா,
கண்டல் வேருக்குள்ள பூந்து
வாவியாக் கிடக்கு" என்றேன்.
இறாலுக்கு அது போதும்.

பாலைமரங்கள் முடிகிற இடத்தில் இறங்கினோம்.
மேலே, அள்ளி முடிந்த குடும்பியாய்ப் பாறை.
அவள் நடக்காமல் நின்று
ஒவ்வொரு கல்லாகப் பார்த்தாள்,
தோடு தொலைத்தவள் மாதிரி.
"டீ எங்க?"
"பிளாஸ்க்கில இருக்கு, மேல போய்க் குடிப்பம்."

சிரித்துச் சிரித்துக் குந்திவிட்டாள்.
தேத்தண்ணி இல்லையாம்.
அங்கே மலைப்பாதையில்
கல்லுக்குக் கல் சிவப்புப் பெயின்றில்
இங்கிலீஸ் எழுத்து டீ போட்டிருப்பார்களாம்.
மூடுபனியிலும் சிவப்பைத் தேடிச் சிவப்பைத் தொட்டு
தனியாகவே ஊர் சேர்ந்துவிடலாமாம்.
"சிவப்பைக் கண்டா வழி சரி எண்டு அர்த்தம்."

ஆறு வருடம்
இந்த அடிவாரத்தை முழங்காலால் நடந்தவள் நான்.
முகத்துக்குக் கண்ணாடி மூடி,
கையில் கத்துகிற கருவி,
ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
சிவப்புத் தலைக் குச்சிக்கு அந்தப் பக்கம்
காற்று வேண்டுமானால் போகலாம்.
வெள்ளைத் தலைக் குச்சிக்கு இந்தப் பக்கம்தான்
நானும், என் நிழலும், மத்தியானச் சோத்துப் பார்சலும்.
போன சித்திரையில் செங்கலடிச் சந்தியில்
புதுப் புடவைக்கடைத் திறப்புக்கு
வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள்.
சுற்றிக்கொண்டு பின்கதவால் போய்
ஒரு பாவாடைத் துணி வாங்கி வந்தேன்.

இதெல்லாம் சொல்லவில்லை.
"இங்க வெள்ளைதான் வழி" என்றேன்.

அவள் பையைத் துழாவினாள்.
நகப்பூச்சு வந்தது, சிவப்பு.
என் முகத்தைப் பார்த்துத் தானே உள்ளே போட்டாள்.
பிறகு வெயிலுக்குப் பூசுகிற கிறீமைப் பிதுக்கி
பாதை பிரிகிற இடத்துக் கல்லில்
நெடுக்காக ஒரு விரல், குறுக்காக ஒரு விரல்:
வெள்ளை டீ.
"அடுத்தது வாறவருக்கு."
அடுத்தது யார் வரப்போகிறார்,
மாட்டுக்காரனைத் தவிர.

பாதி ஏற்றத்தில் அருவி.
அருவி என்று சொன்னால் அதற்கே கூச்சமாயிருக்கும்.
முந்தின இரவு மழை
பாறையின் முதுகில் வழுக்கி விழுகிறது,
நாலு முழ அகலம்.
மூன்று நாள் வெயிலில் கறை மட்டும் மிஞ்சும்.
"இதுக்கு என்ன பேர்?"
"பேர் வைக்கிறத்துக்குள்ள வத்திப்போயிரும்."
அவள் சப்பாத்தோடு உள்ளே போய்த்
தலையைக் கொடுத்தாள்.
இரண்டு மாதச் சம்பளம் சளக் சளக் என்றது.

உச்சியில் காற்று எங்களைப் பேசவிடவில்லை.
மேற்கே காடு, காட்டுக்குப் பின்னாலும் காடு.
கிழக்கே வயல், அதற்கப்பால்
வாவி ஒரு நூல்,
கடல் அதைவிட மெல்லிய நூல்.
தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.
மாறி மாறி மூடியில் குடித்தோம்.

இறங்கும்போது
அந்தக் கல்லை ஒரு பசு நக்கிக்கொண்டு நின்றது.
குறுக்குக் கோடு போய்விட்டது.
நெடுக்குக் கோட்டில் பாதி மிச்சம்.
தர்மினி ஏதோ சொல்ல வாயெடுக்க,
கீழேயிருந்து சதானந்தன் கத்தினான்,
பாலத்துக்குத் தண்ணி ஏறுதாம்.

ஓடினோம்.
பெட்டியில் ஏறிக்
கான் ஒன்றைக் கட்டிப் பிடித்த பிறகுதான்
என் முழங்கால் இரண்டும் உதறத் தொடங்கின.
அவ்வளவு தூரமும்
நிலத்தைப் பார்க்காமலே வந்திருக்கிறேன்.