பாக்கி

சனிக்கிழமை, மேக்கன் நகரில்,
தேவாலயத்தின் வண்டி நிறுத்தத்தில்
கெளுத்தி மீன் பொரிகிறது.
தட்டு பன்னிரண்டு டாலர்.
எண்ணெய்ப் புகையில் கண் எரிய
எண்ணிக்கொண்டே இருக்கிறேன்:
டாமரிஸின் இரண்டாம் பருவத்துக்கு
இன்னும் எழுநூற்று நாற்பது.

லுஷியஸ் வந்தார், பேருந்து ஓட்டும் சீருடையோடு.
எண்பத்தேழில் அதே கல்லூரி;
முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர் பாக்கிக்காகப்
பட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.
அந்தக் கடிதம் இன்னும்
அவர் பணப்பையில், மடிப்பில் கிழிந்து.

ஒரு தட்டு கேட்டார்.
முந்நூற்றுப் பன்னிரண்டை வாளியில் போட்டார்,
கடைசி இரண்டு ஒற்றை நோட்டுகளை
நீவிவிட்டு.

“உங்க பாக்கி?” என்றேன்.

“கார சாஸ் எங்கே?
மீன் ஆறுது.”

நானூற்று இருபத்தெட்டு.
அடுத்த ஈட்டை
எண்ணெயில் இறக்கினேன்.