தொண்ணூற்றிரண்டு வாட்

பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருந்தது.
மின்மானியில் செருகிப் பார்த்தேன்: தொண்ணூற்றிரண்டு.
அந்த விளக்கிடம் பச்சை என்று ஏதாவது இருந்தால்
அது இந்தப் பொய் மட்டும்தான்.

மற்றதெல்லாம் ஊதா.
சுவர் ஊதா, கெட்டில் ஊதா, பாவெலின் வழுக்கை ஊதா.
தொட்டியின் துளைகளில் பன்னிரண்டு லெட்யூஸ்
கரியில் செதுக்கியதுபோல் நின்றன.
சிவப்பும் நீலமும் போதும் இலைக்கு,
மிச்சமெல்லாம் வெட்டிச் செலவு என்றான் கடைக்காரன்.
இருக்கலாம்.
சாப்பிடப்போகிறவளை அவன் கேட்கவில்லை.

டிசம்பர் இரண்டில் முர்மான்ஸ்கை விட்டுச்
சூரியன் போய்விடும்.
போகும் தேதி தெரியும், வரும் தேதியும் தெரியும்,
நடுவில் நாற்பது நாள்
ஐந்தாம் மாடிச் சமையலறையில்
நான்தான் விடியவைக்க வேண்டும்.
இரவில் மின்கட்டணம் குறைவு என்பதால்
என் செடிகளுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு விடியும்.
டைமர் டக்கென்னும். பம்ப் குமிழ் விடும்.
களிமண் உருண்டைகளுக்கு அடியில்
வெள்ளை வேர்கள் நீரைத் துழாவும்.

போன வருடம் மேசை விளக்கில் வளர்த்தேன்.
ரயில் நின்ற பிறகும் இறங்காத ஆளைத் தேடுவதுபோல்
கழுத்தை நீட்டி நீட்டி
சோகை பிடித்து
ஒரே இரவில் மடங்கிப்போயின.
அதனால்தான் இந்தமுறை ஊதா.
துறைமுகப் பாதுகாப்புப் பிரிவு இன்னெஸ்ஸாவிடம்
லக்ஸ் மீட்டர் இரவல் வாங்கிக் காட்டினேன்.
அது சொன்ன எண் ஒரு குளியலறைக்குக் காணும்.
"இது மனுஷக் கண்ணுக்குச் செய்த கருவி, ரிம்மா.
உன் செடிக்குக் கண் இல்லை, வாய்தான்" என்றாள்.

சரி, வாய்தான்.
ஆனால் புதுவருடத்துக்கு முன் ஓர் இளம் இலை
நிறம் மாறியது.
மஞ்சளா, பழுப்பா,
விளக்கு நெருங்கிவிட்டதா, உரம் தீர்ந்ததா?
ஊதாவில் எல்லா நோய்க்கும் ஒரே முகம்.
கிள்ளி எடுத்துக்கொண்டு
படிக்கட்டு பல்புக்கடியில் போய் நின்றேன்.
மூன்றாம் மாடி வாதிம் மேலே வந்தான்.
"போலீஸ் இன்னும் வரலையா உன் வீட்டுக்கு?"
இலையை நீட்டினேன். மென்றான்.
"லெட்யூஸ்தான்" என்றான்,
கொஞ்சம் ஏமாந்தவனாக.

வெள்ளை விளக்கு வாங்கினேன்.
நாலாயிரம் கெல்வின். ஃபேன் கிடையாது;
சுவருக்கு அந்தப்பக்கம் பாவெல் தூங்க வேண்டும்.
முதுகில் கனத்த அலுமினியத் தகடு.
பெட்டி நூற்றிருபது என்றது, மின்மானியும் நூற்றிருபது.
முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டிப் போட்டேன்.

பச்சை.
எத்தனை பச்சை!
ஒரே செடியில் நாலு பச்சை,
அதில் ஒன்று மட்டும் நரம்பைத் தவிர எங்கும் வெளுத்து.
இரும்பு. வெறும் இரும்பு.
அரை மூடி கரைசல், ஒரு வாரம், முடிந்தது.
கரண்டி கரண்டியாகவும் கெட்டில் கெட்டிலாகவும் ஆனது.
பாவெலுக்கு மனித நிறம் வந்தது.

அந்த வாரம் இரவுப் பணி.
நாற்பது மீட்டர் உயரத்தில் என் கிரேன் அறை.
கீழே நிலக்கரி, அப்பால் உறையாத விரிகுடா,
முதுகுப்பக்கம் திரும்பினால் குன்றேறும் நகரம்.
வாளியைக் கப்பலில் கொட்டிவிட்டு
வழக்கம்போல் கழுத்தைத் திருப்பினேன்.
படிக்கட்டு விளக்குகள், தூக்கம் வராதவர்களின் ஜன்னல்கள்.
இத்தனை நாள் அவற்றுக்கு நடுவே
மூக்குத்திபோல் ஓர் ஊதாப் புள்ளி:
அங்கேதான் என் செருப்பு, என் கோப்பை, என் குறட்டைக்காரன்.
இன்று வரிசை வரிசையாக எண்ணினேன்.
எந்த வெளிச்சம் என்னுடையது என்று
தெரியவில்லை.

பழையதை விற்றுவிடலாமே என்றான் பாவெல்.
ஆயிரம் என்று சொல்லியா, தொண்ணூற்றிரண்டு என்றா?
விற்கவில்லை. இன்னொரு டைமர் வாங்கினேன்.
இரண்டரை முதல் இரண்டே முக்கால் வரை,
என் டீ இடைவேளை.
ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.

"இதன்கீழே என்ன வைக்கப்போகிறாய்?"
"ஒன்றுமில்லை.
தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை."