நடுத்தரம்

ஆயிரம் கிலோ கல்லில்
ரெண்டு கிலோ வெள்ளீயம், மூணு கிலோ டங்ஸ்டன்.
மிச்சமெல்லாம் வெங்கச்சாங்கல்லும் லாரி வாடகையும்.
எங்கிருந்தோ நாற்பது சாக்கில் வந்து
பெருந்துறை சிப்காட்டில்
எங்கள் கொட்டகையில் இறங்கியது.
கூடவே ஒரு சீட்டு: ஏதாச்சும் தேறுமா பாருங்க.

பந்து ஆலையில் அரைத்து
ஆட்டுமேசையில் விட்டோம்.
மணலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
கனத்தது வரம்பைப் பிடித்துக் கடைசிவரை போகும்,
லேசானது தண்ணீர் இழுத்த பக்கம் இறங்கிவிடும்.
கறுப்புக்கு ஒரு வாளி. வெள்ளைக்கு வாய்க்கால்.
நடுவே சாம்பலாய் வருவதற்கு இன்னொரு வாளி,
இன்னுமொரு வாளி, இன்னுமொன்று.

ஈயமும் டங்ஸ்டனும் எடையில் பங்காளிகள்,
தண்ணீர் அவர்களைப் பிரிக்காது.
காயவைத்துக் காந்த உருளையில் போட்டால்
டங்ஸ்டன் ஒட்டிக்கொண்டு போகும்
ஈயம் தன்பாட்டுக்கு விழும்.
ரெண்டும் ஒன்றாய் வளர்ந்த குருணை மட்டும்
பாதி ஏறி
நின்று
விழும்.

நுண்ணோக்கியிலிருந்து தலை எடுக்காமல்
சவுடேஸ்வரி சொன்னாள்:
இன்னும் அரைக்கோணுமுங்க.
பொங்கியண்ணன் சொன்னார்:
அரைச்சா மாவாப் போயிருமுங்க,
மாவு மேசையில நிக்குமா? குட்டைக்குத்தான்.
ரெண்டு பேர் சொன்னதும் சரி.
வாங்குகிறவர் கேட்பது அறுபத்தைந்து சதம்,
எங்கள் கையில் ஐம்பத்தெட்டு.
நான் நோட்டில் எழுதுகிறவன்,
ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.

ரெண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
மேசை நின்றது. பிரிந்த கோடுகள்
மெதுவாக ஒன்றுக்குள் ஒன்று கலந்தன.
பைபாஸில் ஒரு டேங்கர் கியர் மாற்றியது.
ஜெனரேட்டரை உதைக்க நான் ஓடும்போது
டார்ச் என்று நினைத்து சவுடேஸ்வரி
புற ஊதா விளக்கை அழுத்திவிட்டாள்.

வாய்க்கால் முழுக்க நீலம்.
பொடிப் பொடியாய், வெளிர் நீலமாய்,
கொட்டகையைத் தாண்டிக் குட்டை வரைக்கும்.
டங்ஸ்டன்தான்.
இரும்போடு சேராமல் சுண்ணாம்போடு சேர்ந்தது,
கறுப்பாய் இராது, காந்தத்துக்கு வராது,
தொட்டால் நொறுங்கும்.

மூணு நாளா இது போய்ட்டிருக்குதுங்களா?
யாரும் பதில் சொல்லவில்லை.
என் நோட்டில் மூன்று பக்கம்
கழிவு, கழிவு, கழிவு.

விளக்கு வந்ததும் பழையபடி வெறும் வெள்ளை மணல்.
பொங்கியண்ணன் தண்ணீர்க் குழாயை அடைத்தார்.
பின்பக்கம் போய்
சுண்ணாம்பு அடித்த மிச்சம் காய்ந்துகிடந்த ஒரு வாளியை
கழுவி எடுத்துவந்து
வாய்க்காலின் வாயில் வைத்தார்.