ஏழாவது சாட்சி

நீடாமங்கலத்துக்கு மேற்கே
கேட் அறையில் ராத்திரி ட்யூட்டி.
பத்தரைக்குப் பாசஞ்சர் போனால்
ஒன்றரைக்குத்தான் கூட்ஸ்.
நடுவில் மூன்று மணி நேரம்,
கொசுவர்த்திச் சுருள், ஃபிளாஸ்கில் டீ,
கிளை நூலகத்தில் எடுத்த
ஒரு ரிட்டயர்டு இன்ஸ்பெக்டரின்
கொலைக் கணக்குகள்.

கற்பனைக் கதை எனக்கு ஒத்துவராது.
எழுதுகிறவன் நினைத்தால்
செத்தவளை எழுப்பிவிடலாம்.
இதில் முடியாது.
முதல் பக்கத்தில் செத்திருப்பாள்,
கடைசிப் பக்கத்திலும் செத்திருப்பாள்.
அந்த உறுதி பிடித்திருக்கிறது.

"பயமா இல்லியாக்கா,
அதுவும் தனியா, அதுவும் இந்நேரத்துல"
என்பான் கீமேன் அற்புதசாமி.
பயம்தான்.
தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்க்கிறேன்.
ஆனால் பயத்துக்காக யாரும்
முந்நூறு பக்கம் படிப்பதில்லை.

நான் படிப்பது
எழுபத்து நாலாம் பக்கத்துக்காக.

மூணாறு தலைப்புக்குக் கீழே
கோரையாற்றில் முறைத் தண்ணீர் வந்த விடியலில்
நுரையோடு, சருகோடு
மதகுப் பலகையில் தட்டி நின்றவள்.
பெயர் தையல்நாயகி, வயது முப்பத்தொன்று.
புத்தகம் அவளை 'மேற்படியாள்' என்கிறது.
கரையில் கிடந்த மேற்படியாளின் இடது செருப்பில்
வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.
மேற்படியாளின் ரவிக்கையில் இரண்டாம் கொக்கி
வேறு நிற நூலில் தைத்திருந்தது.
மேற்படியாளின் இரைப்பையில்
அரைகுறையாய்ச் செரித்த சோறு,
கத்தரி விதைகள்,
இறப்புக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன் உண்டது.

இருந்தபோது அவளைச்
சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டதாக
எந்தச் சாட்சியும் சொல்லவில்லை.
செத்த பிறகு
மன்னார்குடி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்
எப்போது, என்ன, எவ்வளவு என்று
எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதை அற்புதசாமியிடம்
எப்படிச் சொல்ல.

என் செருப்பிலும் ஊக்கு இருக்கிறது.

புத்தகத்தை யாரோ பென்சிலால் திருத்தியிருக்கிறார்கள்.
'அமாவாசை இருட்டு' என்ற வரிக்கு ஓரமாய்,
சின்ன எழுத்தில்:
இல்லை. நிலா இருந்தது.
'ஹெர்குலிஸ் சைக்கிள்' அடியில்:
அட்லஸ்.
'எதிரிக்குப் பத்தாண்டு' என்ற இடத்தில்
வார்த்தை இல்லை,
முனை அழுத்தி உடைந்த ஒரு புள்ளி;
தாளைத் தடவினால்
மறுபக்கம் தட்டுப்படும்.

நூலகர் தியாகேசனிடம் கேட்டேன்,
இதை வேறு யார் எடுக்கிறார்கள் என்று.
தேதிச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"ரெண்டு பேரு. ஒண்ணு நீங்க."
நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.
தெரிந்துவிட்டால் புத்தகம் முடிந்துவிடும்.

வழக்கில் ஏழாவது சாட்சி
என்னைப் போல ஒரு கேட் கீப்பர்.
சம்பவ இரவு யாரையும் பார்க்கவில்லை,
அசந்து தூங்கிவிட்டேன் என்றிருக்கிறார்.
எத்தனை ராத்திரி திட்டியிருக்கிறேன் அவரை.
ஒரு சைக்கிள், ஒரு சாக்கு மூட்டை
மூக்குக்கு முன்னால் போயிருக்கிறது,
ஐயா, உமக்கு வேறென்ன வேலை?

போன செவ்வாய்க்கிழமை
கூட்ஸ் போனதும்
புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கேட்டை ஏற்றினேன்.
மனசு இன்னும் மதகடியில்.
யாரோ கடந்தார்கள்.
சைக்கிள்தான்; மணி ஒரு தடவை அடித்தது,
வரட்டுமா என்பதைப் போல.
பின்னால் ஏதோ கட்டியிருந்தது.
நெல்லாக இருக்கும்,
கொள்முதல் நிலையத்தில் வரிசை பிடிக்க
இந்நேரத்துக்குப் போகிறவர்கள் உண்டு.
சட்டை? தெரியாது.
ஆணா என்றுகூட...
ரிஜிஸ்டரில் எழுதினேன்:
1.42. கூட்ஸ் கடந்தது. கேட் திறப்பு.

காலையில் ஆற்றுப் பக்கம் செய்தி எதுவும் இல்லை.
மறுநாளும் இல்லை.
நெல்தான்.

ஆனாலும் பென்சிலைச் சீவி
ஏழாவது சாட்சியின் வாக்குமூலத்துக்கு அடியில்
தூங்கியிருக்க மாட்டார்
என்று எழுதி,
தவணைக்கு நாலு நாள் முன்பே
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று போனபோது
அலமாரியில் அந்த இடம் காலி.
தியாகேசன் தலையைத் தூக்காமல் சொன்னார்:
"வெளிய போயிருக்கு."